எங்கள் ஏரியா ஹாட் டாக் கடை: ஏழு வருஷம் சாப்பிட்ட பிறகு

காலை பதினொன்றரைக்குப் போனால் ஐந்துக்கு நாலரை மார்க். மதியம் இரண்டரைக்குப் போனால் இரண்டு. ஒரே கடை, ஒரே ஹாட் டாக்தான். இது பிடிபடவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

சிகாகோவின் வடமேற்குப் புறநகர் ஒன்றில் இருக்கிறது கடை. சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஓடு, வாசலில் நியான் விளக்கு, உள்ளே குரோம் கால் வைத்த சுழல் ஸ்டூல் எட்டு. 2018 அக்டோபரில் வீடு மாறி வந்த வாரம், சமையல் சாமான் எல்லாம் அட்டைப்பெட்டியில் கிடந்தபோது, 1950களிலிருந்தே இருக்கும் கடை என்று நம்பி நுழைந்தேன். கட்டிப் பத்து வருஷம்கூட ஆகவில்லையாம். மூலையில் நிற்கும் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி) வெறும் கூடு, பாட்டு கூரை ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. போகட்டும். அன்றிலிருந்து மாதம் இரண்டு தடவையாவது போகிறேன். மொத்தம் எத்தனை உள்ளே போயிருக்கும் என்று டாக்டரிடம் சொல்லவில்லை.

சிகாகோ ஹாட் டாக் என்பது தனி ஜாதி. கசகசா தூவிய மெத்தென்ற பன். அதில் மாட்டிறைச்சி சாசேஜ். மேலே மஞ்சள் கடுகு சாஸ், ரெலிஷ் என்கிற பொடியாக நறுக்கிய இனிப்பு வெள்ளரி ஊறுகாய், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பக்கம் தக்காளித் துண்டு, மறுபக்கம் நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய், இரண்டு மூன்று குட்டி ஊறுகாய் மிளகாய், கடைசியாக செலரி உப்பு. ரெலிஷின் பச்சை இருக்கிறதே, திருவிழாவில் விற்கும் கலர் சர்பத் தோற்றுவிடும். அந்த மிளகாயை இங்கே ஸ்போர்ட் பெப்பர் என்கிறார்கள். காரம் நமக்குப் பெரிதில்லை, ஆனால் வினிகர் ஊறி நறுக்கென்று இருக்கும். செலரி உப்பை மறந்துவிட்டால் மொத்தமும் சப்பென்று போய்விடும். புது ஆள் கல்லாவில் நிற்கும் நாளில் இதை மட்டும் ஞாபகப்படுத்திவிடுவேன்.

கெச்சப் கிடையாது. முதல் நாள் தெரியாமல் கேட்டுவிட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் இரண்டு பாக்கெட்டைத் தள்ளிவிட்டு, “நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், என் கையால் போட மாட்டேன்” என்றார். ரசத்தில் சர்க்கரை கேட்டவனைப் பார்ப்பது போன்ற பார்வை. யோசித்தால் அதில் நியாயமும் இருக்கிறது. ரெலிஷில் இனிப்பு, தக்காளியில் புளிப்பு ஏற்கெனவே வந்துவிடுகிறது. கெச்சப் வந்தால் எல்லாவற்றையும் மூடிவிடும்.

இனி சாசேஜ். “இந்தக் கடை சாசேஜ் வேற லெவல்” என்று யாராவது எழுதினால் நான் கண்டுகொள்வதில்லை. இந்த ஊரில் ஏகப்பட்ட கடைகள் வாங்குவது வியன்னா பீஃப் சாசேஜைத்தான். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சாசேஜ் விற்க ஆரம்பித்த கம்பெனி அது. சரக்கு ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் கைப்பக்குவத்தில்தான் வர வேண்டும். தண்ணீர் நல்ல சூடாக இருக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் தோல் வெடித்துவிடும். சரியாகச் சூடான, இயற்கைத் தோல் வைத்த சாசேஜைக் கடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் காசு.

அந்தச் சத்தம் மதியம் இரண்டரைக்கு வராது. பன்னிரண்டரைக் கூட்டத்துக்கென்று போட்டதில் மிஞ்சியது வெந்நீரிலேயே ஊறிக்கிடக்கும். தோல் சுருங்கி, உப்பும் மசாலாவும் தண்ணீருக்குப் போய், சாசேஜ் வெளிறி நிற்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் போனால் வரிசையில் இருபது நிமிஷம் நிற்க வேண்டும், ஆனால் போட்டது போட்டபடி காலியாவதால் எல்லாம் புதுசாகக் கிடைக்கும். நான் வரிசைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

சாசேஜைவிடவும் முக்கியம் பன். ஆவி காட்டும் நேரம் கொஞ்சம் குறைந்தால் மடிப்பில் பிளந்து, தக்காளி சட்டையில் விழும். கூடினால் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, பாதியைக் காகிதத்திலிருந்து சுரண்டித் தின்ன வேண்டும். நல்ல நாளில் அது இட்லித்தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல, விரலால் அமுக்கினால் மெல்ல மேலே எழும்பி வரும்.

2022 குளிர்காலத்தில் கடை கைமாறியது. ஆவிப்பெட்டியை ஓரம்கட்டிவிட்டு மைக்ரோவேவ் வைத்தார்கள். கையில் வாங்கும்போது பன் மெத்தென்றுதான் இருந்தது. மூன்றாவது கடியில் ரப்பர். மூன்று முறை போனேன், ஒருமுறை சொல்லியும் பார்த்தேன், “மற்றவர்கள் யாரும் சொல்லவில்லையே” என்றார்கள். அதோடு ஐந்து மாதம் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. பழைய கல்லா அம்மாளை ஒருநாள் மளிகைக் கடையில் பார்த்தேன். “பெட்டி திரும்ப வந்துவிட்டது, வாருங்கள்” என்றார். மறுநாளே போனேன். வந்துவிட்டிருந்தது.

நிஜமான பழைய கடை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மில்வாக்கி அவென்யூவும் டெவன் அவென்யூவும் சேரும் முனைக்குப் போங்கள். சூப்பர்டாக், 1948இல் தொடங்கியது. காரிலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் ஆர்டர் சொன்னால் தட்டைக் கொண்டுவந்து கார் ஜன்னலில் மாட்டுகிறார்கள். கூரைமேல் இரண்டு பெரிய ஹாட் டாக் பொம்மைகள், ஆண் பொம்மைக்குச் சிறுத்தைத் தோல் உடை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிப் போனேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “என்னடா இது, முனீஸ்வரன் கணக்கா ரெண்டு பேரு மேல நிக்கிறாங்க” என்றார். அங்கே ஹாட் டாக்கை ஒரு அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, பக்கத்தில் நெளிநெளியாக வெட்டிய உருளைக்கிழங்கு வறுவலை அடைத்துத் தருவார்கள். கூடவே பச்சைத் தக்காளி ஊறுகாய் ஒரு துண்டு. அப்பா மாடு சாப்பிட மாட்டார். வறுவலையும் அந்தத் தக்காளியையும் தின்றுவிட்டு, இன்னொரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்.

ருசியில் சூப்பர்டாக்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு நாற்பது நிமிஷ டிரைவ். எங்கள் கடை நடந்தால் எட்டு நிமிஷம்.

மாடு சாப்பிடாதவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஹாட் டாக் என்ற பேரில் அது தெரியாது. என் மனைவி சாசேஜ் இல்லாமல் மற்றதெல்லாம் வைத்துத் தரச் சொல்லி வாங்குகிறாள். முதலில் சிரித்தார்கள், இப்போது ஒரு டாலர் குறைத்துக்கொள்கிறார்கள். பர்கர் சுமார். மில்க் ஷேக் திகட்டும். வறுவல் நன்றாக இருக்கும், உப்பு மட்டும் கூட.

பார்சல் வாங்காதீர்கள். வீடு வந்து பிரிப்பதற்குள் பன் ஈரம் குடித்துக் கூழாகிவிடும். ஜனவரியில்கூட நாங்கள் வாசலில் நிறுத்திய காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். போன சனிக்கிழமை அப்படித்தான். மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவள் தன் மூன்று மிளகாயையும் பொறுக்கி என் பன்னில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடினாள், கெச்சப் பாக்கெட் வாங்க.