‘ஒரிஜினல் பேரலை’ காட்டுகிறேன் என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

டோக்கியோவிலிருந்து, ஜப்பானின் நாகானோ பக்கம் இருக்கும் ஒபுசே என்ற சிற்றூருக்கு ஒருநாள் டூர் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு புக் செய்யுங்கள். போன மாதம் நானும் மனைவியும் ஆளுக்கு 24,800 யென் கட்டி ஏமாந்தோம்.

‘பேரலை’ என்ற புகழ்பெற்ற அலை ஓவியத்தைப் படைத்த ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மியூசியத்தில் மூன்று மணி நேரம், அச்சோவியம் (மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சடிக்கும் ஓவியம்) தெரிந்த வழிகாட்டி, கான்ஷோயின் கோயில் கூரை ஓவியம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘பேரலையின் ஒரே ஒரிஜினல்’ என்று விளம்பரம். அந்தக் கடைசி வரியிலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஹொகுசாய் வரைந்த தாளை மரப்பலகைமேல் ஒட்டித்தான் செதுக்குவார்கள். செதுக்கும்போதே அது போய்விடும். 1831 வாக்கில் அந்தப் பலகைகளில் அச்சடித்த ஒவ்வொரு தாளும் ஒரிஜினல்தான், ‘ஒரே’ என்ற பேச்சே கிடையாது.

பதினோரு மணிக்குச் சேர வேண்டிய பஸ், வழியில் இரண்டு கடைகளில் நின்று ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. “முக்கால் மணி நேரம்தான்” என்றார் வழிகாட்டி. டிக்கெட் காசு தனி. அவர் உள்ளேயே வரவில்லை, வாசலில் போன் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேரலை அன்று காட்சியில் இல்லை. மியூசியத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், அச்சோவியங்களை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். ஓட்டமும் நடையுமாகப் பார்த்ததில் மனதில் நின்றது இரண்டு திருவிழாத் தேர்கள். ஊர் வணிகர் தகாய் கோசான் ஆதரவில், எண்பது தாண்டிய ஹொகுசாய் இங்கே வந்து அவற்றின் உட்கூரையில் வரைந்திருக்கிறார். ஒன்றில் டிராகனும் ஃபீனிக்ஸும், இன்னொன்றில் சுழன்று சுழன்று உள்ளே இழுக்கும் அலை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

“கோயில் இன்றைக்கு மூடல்” என்றார் வழிகாட்டி. செஸ்ட்நட் மிட்டாய்க் கடை அம்மாவோ “திறந்துதானே இருக்கு, ரெண்டு கிலோமீட்டர்” என்கிறார். பஸ் கிளம்பப் பத்து நிமிஷம். என்ன செய்ய?

திரும்பும் வழியில் மூன்றாவது கடை. ‘கையால் அச்சடித்த பேரலை’ 28,000 யென். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கினேன். நீலம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, வெறும் ஆஃப்செட் மெஷின் அச்சு, நம் ஊர் தினசரி காலண்டர் அட்டை மாதிரி. பலகை அச்சில் இப்படிப் புள்ளி வராது. தாளைத் திருப்பினால் பின்பக்கம் மை ஊறியிருப்பது தெரியும். அதற்குள் எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டார். புள்ளிகளைக் காட்டினேன். ரசீதை எடுத்துப் பார்த்தார், ‘திருப்பி எடுக்கப்படாது’ என்று இருந்தது. அப்புறம் டோக்கியோ வரும்வரை அவர் பேசவில்லை.

நாங்களாகவே ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பிடித்து நாகானோ போய், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி சொச்சம் போயிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும்.

டூர் கம்பெனியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது’ என்று ஒற்றை வரி மெயில். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் கார்டு பேங்கில் புகார் கொடுக்க முடிந்தது. இன்னும் முடிவு வரவில்லை. ‘ஒரே ஒரிஜினல்’ என்ற வரியை மட்டும் இப்போது விளம்பரத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்.