கடைக்குத் தமிழ் முகவரியா, ஆங்கில எழுத்தா?

சென்னிமலையில் சித்தப்பாவின் பெட்ஷீட் கடைக்கு இணைய முகவரி பார்த்தோம். ஒன்று '.இந்தியா' என்று முடியும் தமிழ் முகவரி, இன்னொன்று ஆங்கில எழுத்தில் '.இன்'. முதன்மையாக ஆங்கிலத்தைத்தான் வைத்தோம்.

பக்கம் திறக்கும் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். பலகையில் தமிழ்தான் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தமிழ் முகவரியை நகலெடுத்து அனுப்பினால், சில சமயம் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் எழுத்துக் கூளமாகப் போய்ச் சேரும். வாங்க வந்தவர் மோசடி லிங்க் என்று நினைப்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களை யோசிக்க வைத்தது துணைக்கால். கடைப் பெயரில் 'கொங்கு' இருக்கிறது. அந்தக் காலை எடுத்துவிட்டு ரகரத்தைப் போட்டால் 'கெரங்கு'. ரகரத்தின் கீழ்ச் சாய்வு தேய்ந்த எழுத்துருவில், சின்னத் திரையில், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. சித்தப்பாவிடம் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான கண்ணு?" என்றார். கணினிக்கோ அவை வேறு வேறு முகவரி. கோவை 'கேரவை' ஆகும், பவானி 'பவரனி' ஆகும். 'கௌரி'யைப் பலர் ளகரம் போட்டுக் 'கெளரி' என்றே தட்டுகிறார்கள். ஏமாற்ற ஆளே வேண்டாம், வாடிக்கையாளர் தானாகவே வழி தவறுவார்.

பிரவுசர் காப்பாற்றாதா? 2017இல் ஆப்பிள் நிறுவன முகவரியை ஒருவர் முழுக்க சிரிலிக் எழுத்தில் (ரஷ்ய மொழியை எழுதும் எழுத்து) போலி செய்து காட்டிய பிறகு குரோம் விதியை இறுக்கியது. ஆனால் அந்தக் காவல் பெரும்பாலும் வேற்று மொழி எழுத்து கலப்பதையும், பிரபலத் தளங்களைப் போலி செய்வதையும் பார்ப்பது. தமிழுக்குள்ளேயே ரகரம் காலாக நடித்தால், அதுவும் சென்னிமலைக் கடைக்காக, யார் கவனிக்கப்போகிறார்கள்? இப்படிப் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் ஒப்புருப் பெயர்களை நாமே வாங்கிப்போட்டு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியதுதான். செலவு அங்கேதான் ஏறும். இணைய முகவரிகளைப் பதிவுசெய்யும் சில பதிவகங்களில் ஒப்புருக்களைச் சேர்த்துப் பூட்டும் ஏற்பாடு உண்டு, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்திலும் 'ஓ'வுக்குப் பதில் சுழியம் போடலாம். ஆனால் சின்ன எழுத்து 'ஓ' பக்கத்தில் சுழியம் உயரமாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஈரோட்டு மண்டிக்காரர் 'மஞ்சள்' என்று பெயர் வைத்தால் கதை வேறு. காலும் இல்லை, கொம்பும் இல்லை. தாராளமாகத் தமிழில் போகலாம். தமிழ் மின்னஞ்சல் முகவரியை மட்டும் நான் அதிகம் புழங்கியதில்லை, அதில் அடித்துச் சொல்ல மாட்டேன். நாங்களும் தமிழ்ப் பெயரை வாங்கி ஆங்கில முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். பில்லிலும் பையிலும் அச்சடிப்பது ஆங்கிலம்.