துன் ரசாக் சாலையில் ஒரு கேள்வித்தாள்

கோலாலம்பூர் தேசிய இரத்த மையத்தில் போன வாரம் ஒன்பதாவது முறையாக இரத்தம் கொடுத்தேன். என் மனைவியின் பிரசவத்தின்போது முன்பின் தெரியாத நால்வரின் இரத்தம்தான் அவளைக் காப்பாற்றியது. அதனால் இங்கே எதையும் அலட்சியமாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

ஊசியைவிடக் கேள்விகளுக்கே அதிக நேரம் ஆனது. பச்சை குத்தினீர்களா, புதிய துணை உண்டா, போதை ஊசி போட்டதுண்டா என்று தாதி தணிந்த குரலில் தமிழிலேயே கேட்டார். “வெட்கப்படாதீர்கள் ஐயா, சோதனையின் கண்ணுக்கும் தப்பும் நாட்கள் உண்டு” என்றார். உண்மைதான். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கொடையும் சோதிக்கப்படுகிறது. ஆனால் எச்ஐவி தொற்றிய பிறகு அதற்கெதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம் சோதனையில் தென்படச் சுமார் 3 வாரங்கள் ஆகலாம். வைரஸின் மரபணுவையே தேடும் நாட் சோதனை அதைச் சுமார் 11 நாட்களாகக் குறைக்கிறது, இல்லாமல் செய்துவிடுவதில்லை. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது நம் வாய்மை ஒன்றே.

முன்பு வேறோர் இடத்தில் நடந்த முகாமில், “எல்லாவற்றிற்கும் ‘இல்லை’ என்று குறித்துவிடுங்கள்” என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, கொடுக்காமலே திரும்பினேன்.

இங்கே காத்திருப்பு நீளம், ஒரு மணி நேரத்துக்கு மேல். படுக்கையும் பணிவிடையும் நன்று. முடிந்ததும் சூடான மைலோ தந்தார்கள். தன் இரத்தத்தில் நோய் இருக்கிறதா என்று அறிய மட்டும் விரும்புகிறவர்கள் தயவுசெய்து இங்கே வராதீர்கள். அதற்கு அரசு சுகாதார நிலையங்கள் இருக்கின்றன.