ஏட்டுச் சொல்லா, பேச்சுச் சொல்லா?

கி.பி. 813இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், மறையுரைகளை மக்களுக்குப் புரியும் பேச்சுமொழியில் சொல்லும்படி ஆயர்களைப் பணித்தது. லத்தீன் அதற்குள் கேட்பவர்களின் கைநழுவியிருந்தது. பிரெஞ்சு உருவானது அந்தப் பேச்சிலிருந்துதான், ஏட்டு லத்தீனிலிருந்து அல்ல.

மொழிபெயர்ப்பாளர் முன் அதே இரண்டு வழிகள் இன்றும் இருக்கின்றன. ஏட்டுமொழியில் கலைச்சொற்கள் தயார், பொருள் அவ்வளவாக வழுக்காது. சட்டம், மருத்துவம் என்றால் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன்.

மற்றதற்கெல்லாம் பேச்சு வழக்குதான். 1522இல் பைபிளின் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் தந்த சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், வீட்டிலிருக்கும் தாயையும் தெருவில் ஆடும் குழந்தைகளையும் சந்தையில் நிற்பவரையும் கேட்டுத் தெரிந்துகொள் என்று பிறகு எழுதினார். கேட்காமல் எழுதினால் வாக்கியம் விறைத்துப்போகும்.

சரி, சொல்லின் பிறப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? அங்கேதான் சறுக்கல். ஆங்கிலத்தில் 'பிகின்' பிறவிச் சொல், எளிமையானது. அதே 'தொடங்கு' என்ற பொருளில் பிரெஞ்சு வழி வந்த 'கமென்ஸ்' விறைப்பானது. தமிழில் தலைகீழ். வடமொழியிலிருந்து வந்த 'ஆரம்பி' வாயில் சகஜமாக வருகிறது, நம் 'தொடங்கு' சற்றே ஏட்டு வாசனையோடு நிற்கிறது.