பையன் குன்னூரில், நான் திருப்பூரில்: விடுதிப் பள்ளி நமக்கு என்ன சொல்கிறது, எப்போது சொல்கிறது

குன்னூர் பக்கம் ஒரு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி விடுதியில் என் பையனை ப்ளஸ் ஒன்னுக்குச் சேர்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் அங்கேதான் படிக்கிறான், அதனால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. படிப்பைப் பற்றியும் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு: பிள்ளையை மலையில் விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கிற நமக்கு, அவன் எப்படி இருக்கிறான் என்று பள்ளி ஒழுங்காகச் சொல்கிறதா? சேர்க்கைக்குப் போனபோது லேப், மைதானம், லைப்ரரி எல்லாம் சுற்றிக் காட்டினார்கள். இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு ஆப் உண்டு. வருகை, மார்க், ஃபீஸ் தேதி மூன்றும் தவறாமல் வந்துவிடும். ஆனால் வேதியியலில் 61 என்று அது காட்டிய வாரம் முழுக்க அவன் இருமலில் தூங்கவே இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை அவன் குரலைக் கேட்டபோதுதான் தெரிந்தது. பையன்கள் மொபைல் வைத்துக்கொள்ளக் கூடாது, அது எனக்குச் சம்மதம்தான். வாரத்துக்கு ஒரு தடவை வார்டன் போனில் பத்து நிமிஷம். பின்னால் ஒரு வரிசையே நிற்கும்போது பதினாறு வயசுப் பையன் என்ன பேசுவான்? "ம்ம்", "சாப்ட்டேன்மா", "வச்சிரட்டுமா?" அவ்வளவுதான்.

இங்கே உண்மையிலேயே நல்ல விஷயம் என்று நான் சொல்வது பொறுப்பாசிரியர் சனிக்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நான்கு வரி. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை எழுதி அனுப்புவதில்லை, அந்தந்தப் பையனைப் பற்றித் தனித்தனியாகத் தமிழில் எழுதுகிறார். போன நவம்பரில் வந்த ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது: "அம்மா, தம்பி இந்த வாரம் இரண்டு நாள் இரவுப் படிப்பில் தூங்கிவிட்டான். கேட்டால் குளிர் என்கிறான். ஸ்வெட்டர் வலது முழங்கையில் கிழிந்திருக்கிறது, சட்டை தெரிகிறது. வேறு ஒன்று அனுப்புங்கள்." அவன் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. அன்றைக்கே இரண்டு ஸ்வெட்டரும் உள்ளே போட தெர்மலும் வாங்கி பார்சல் போட்டேன். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும், குன்னூரிலும் காலையில் கை விறைத்துப் போகும். இருபது பையன்களைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் ஒரு முழங்கையைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

ரோடு விஷயத்திலும் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் விடிவதற்குள் மெசேஜ் வந்துவிடும், பர்லியார் வழி வேண்டாம், கோத்தகிரி சுற்றி வாருங்கள் என்று. 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும், அதையும் பெற்றோர் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே ஞாபகப்படுத்துகிறார்கள்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஜூலையில் விடுதியில் பொன்னுக்கு வீங்கி வந்தது. எனக்கு அதைச் சொன்னது பள்ளி அல்ல. ஈரோட்டிலிருந்து இன்னொரு பையனின் அம்மா கூப்பிட்டு, "ஏனுங்க்கா, உங்க பையனுக்கும் கன்னம் வீங்கியிருக்குதுங்களா?" என்று கேட்டார். அதற்குள் நான்கு நாள் ஓடியிருந்தது, ஐந்து பையன்கள் படுத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். வளர்ந்த பையன்களுக்கு வந்தால் சிலருக்கு விரை வீங்கிக் கடுமையான வலி எடுக்கும். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும், வீங்கிய பிறகும் ஐந்து நாள் தனியாக வைக்க வேண்டும். 2017-ல் பள்ளிகளில் போட்டார்களே எம்.ஆர் ஊசி, அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், இதற்கு எம்.எம்.ஆர் போட்டிருக்க வேண்டும். அந்த ராத்திரி பழைய ஊசி அட்டையை பீரோவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு எம்.எம்.ஆர் போட்டோமா இல்லையா என்று தேடினேன். போட்டிருக்கவில்லை. பள்ளி ஆபீஸில் யாரும் போன் எடுக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன். பையனுக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும், "எதுக்கும்மா வந்தே?" என்றான். "ஒண்ணுமில்ல சாமி, உன்னப் பாக்கோணும்னு இருந்துச்சு," என்றேன். தலைமையாசிரியர், "சொன்னால் பெற்றோர் எல்லாரும் பதறிக் கிளம்பி வந்துவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை," என்றார். "அடுத்தவங்க வாயில கேட்டதாலதான் சார் பதறினோம்," என்றேன். என்னைப் போலவே அன்று வந்திருந்த இன்னும் சில பெற்றோரும் அதையே சொன்னார்கள். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார், எங்களை எதிர்த்துப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் மாறியது. அடுத்த மாதம் மெட்ராஸ் ஐ வந்தபோது அன்று சாயங்காலமே மெசேஜ்: எத்தனை பேருக்கு, எந்த அறையில், டாக்டர் எப்போது பார்த்தார், யார் யார் தனியாகப் படுக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நான் தூங்கப் போனேன், யாருக்கும் போன் பண்ணவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சனிக்கிழமை நான்கு வரி இல்லாவிட்டால் இரண்டுதான் கொடுத்திருப்பேன். ஞாயிறு போன் பேச ஒரு தனி இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஆபீஸுக்குப் பக்கத்தில் சும்மா பூட்டிக் கிடக்கிற சின்ன ரூம் போதும். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்கிறார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, அதற்கு முன்னால் வேண்டும், அடுத்த சந்திப்பில் மறுபடியும் கேட்பேன்.