வராத மெயிலுக்கு ஒரு மெயில்: ஹெல்த்செக்ஸ்.ஐஓ

தாத்தா சேர்த்து வைத்த பழைய பத்திரிகைகள், கடிதங்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) படக் கோப்புகளாக வைத்திருக்கிறேன், மொத்தம் 600 ஜிபி போல வரும். தினமும் ராத்திரி ஆர்சிங்க் (rsync) என்ற நகல் கட்டளை இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஒவ்வொரு கோப்பின் ஷா-256 செக்சம்மும் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரி) பழைய பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று இன்னொரு ஸ்கிரிப்ட் பார்க்கும். ஏதாவது தப்பு என்றால் மட்டும் எனக்கு மெயில் வரும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் கருவி) எழுதியிருந்தேன். மூன்று மாதம் மெயிலே வரவில்லை, எல்லாம் நலம் என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்தபோது க்ரான் வரிகளைத் திரும்பப் போடவே இல்லை. ஓடாத வேலை எப்படி மெயில் அனுப்பும்?

ஹெல்த்செக்ஸ் என்ற இணைய சேவை இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சுட்டி (இணைய முகவரி) தருவார்கள், வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் கர்ல் (curl) கட்டளையை வைத்து அந்தச் சுட்டியைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்குள் தட்டல் வரவில்லை என்றால் மெயில் அவர்களிடமிருந்து வரும். வாரம் ஒருமுறை, சலுகை நேரம் (தாமதமானால் பொறுத்துக்கொள்ளும் நேரம்) 6 மணி நேரம் என்று செக்சம் வேலைக்கு வைத்தேன் (வேலையே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓடும், கொஞ்சம் தாராளமாக வைப்பது நல்லது). போன மாதம் சனி இரவு கரண்ட் போய் மெஷின் அணைந்து கிடந்தது; ஞாயிறு காலை காபி குடிக்கும்போதே மெயில் வந்துவிட்டது. ஜிமெயில் வழியாக ஸ்கிரிப்டே மெயில் அனுப்ப ஆப் பாஸ்வேர்ட் எடுத்து அல்லாடியதெல்லாம் இப்போது தேவையில்லை.

சுட்டியின் கடைசியில் எக்ஸிட் கோடையும் (கட்டளை முடியும்போது தன் முடிவைச் சொல்லும் எண்) சேர்த்து அனுப்பலாம். பூஜ்யம் என்றால் சரி, வேறு எண் என்றால் உடனே மெயில். இதில் நான் ஒரு தப்பு செய்தேன். ஆர்சிங்க் வெளியீட்டை லாக் கோப்பிலும் எழுதுவதற்காக பைப் போட்டு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பது) டீ (tee) கட்டளைக்கு அனுப்பியிருந்தேன். பைப்பில் கடைசிக் கட்டளையின் கோடுதான் வெளியே வரும், லாக்கை எழுத முடிந்தவரை டீ பூஜ்யம்தான் சொல்லும். டிஸ்க் நிறைந்து நகல் தோற்ற நாட்களிலும் பச்சை விளக்குதான்! பேஷ் ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் (set -o pipefail) வரியைப் போட்டதும், பைப்பில் எது தோற்றாலும் அதன் கோடு வெளியே வந்து சரியானது. போட்டுவிட்டு வேண்டுமென்றே ஒரு கோப்பில் ஒரு எழுத்தை மாற்றி, செக்சம் வேலையும் கத்துகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், சோதிக்காத அலாரம் சும்மா அலங்காரம்.

இலவசக் கணக்கில் 20 வேலைகள், எனக்கு ஐந்துதான். ஓப்பன் சோர்ஸ் என்பதால் நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், ஆனால் நகல் எடுக்கும் அதே மெஷினில் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். குறை என்று பார்த்தால், வேலை முடிந்ததா என்று மட்டும்தான் இதற்குத் தெரியும். காலி ஃபோல்டரை அழகாக நகல் எடுத்தாலும் பச்சைதான். கோப்புகளின் எண்ணிக்கையை ஸ்கிரிப்ட்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சியின் மெயில் ஐடியையும் சேர்த்திருக்கிறேன். நான் பார்க்காமல் விட்டால் போன் போட்டுத் திட்டுவாள்.