மொபைல் ஃபுட் பேன்ட்ரி: காய்கறிக்கு நம்பலாம், பருப்புக்கு நம்பக் கூடாது

அமெரிக்காவில் வேலை போனவர்களுக்கும், வாடகை கட்டியபின் கையில் காசு மிஞ்சாதவர்களுக்கும் மொபைல் ஃபுட் பேன்ட்ரி, அதாவது உணவுப் பொருள்களை இலவசமாகத் தரும் லாரி, பெரிய துணை. சர்ச், பள்ளி, நூலகம் என ஏதாவது ஒரு பார்க்கிங்கில் வந்து நிற்கும். ஓரிரு மணி நேரத்தில் சரக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். அனுப்புவது அந்த வட்டாரத்து உணவு வங்கி. ஃபீடிங் அமெரிக்கா என்ற தொண்டு அமைப்பின் வலையமைப்பில் மட்டும் ஏறக்குறைய 200 உணவு வங்கிகள் உண்டு.

இதன் பலம் காய்கறிதான். லாரி நிற்கும் இடத்தில் கிடங்கு கிடையாது, மிஞ்சியதைத் திரும்ப ஏற்ற வேண்டும். அதனால் சீக்கிரம் கெடுகிற பொருள்களையே பெரும்பாலும் ஏற்றி அனுப்புகிறார்கள்: முட்டைக்கோஸ், கேரட், உருளை, ஆப்பிள், பால், தயிர், உறைந்த கோழி. கட்டடத்தில் இயங்கும் பேன்ட்ரியில் டின் உணவு அதிகம், இங்கே பச்சைக் காய் அதிகம். ஆனால் அன்று எது வந்ததோ அதுதான். ஒரே காய் மூட்டையாகக் கிடைக்கும். பருப்பு, எண்ணெய், மசாலா அபூர்வம்.

211 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து ஜிப் கோடு சொன்னால் அருகில் எங்கே, எப்போது என்று சொல்வார்கள். முன்பதிவு வேண்டுமா, காரிலேயே வாங்குவதா, நடந்து வரலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவித்த நேரம் முடியும் முன்பே சரக்கு தீர்ந்துபோவது சாதாரணம். கடைசி அரைமணியில் போவது வீண்.

பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு கையெழுத்து: பெரும்பாலான இடங்களில் இவ்வளவுதான். கூச்சப்பட ஒன்றுமில்லை. வர முடியாத முதியவருக்காக வாங்குவதானால் அவர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டுமா என்று முன்பே விசாரியுங்கள்.

கார் வரிசையில் டிக்கியைக் காலியாக வைத்திருங்கள், இறங்காதீர்கள், தொண்டர்களே ஏற்றிவிடுவார்கள். வேகமான முறை, ஆனால் தேர்வு கிடையாது. சைவக் குடும்பத்துக்கு இதுதான் பெரிய குறை. கட்டிவைத்த பெட்டியில் டின் கோழியும் பன்றியும் வந்துவிடும். பெயர் பதியும்போதே இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், டிக்கி அருகே சொன்னால் பலன் குறைவு. ரீஃப்ரைடு பீன்ஸ் (வேகவைத்து மசித்த பீன்ஸ்) டின்னில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், லேபிளைப் படியுங்கள். மேசையில் பரப்பி, நடந்து வந்து எடுக்கச் சொல்லும் இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வேண்டியதை மட்டும் எடுப்பதால் குப்பைக்குப் போவது குறையும். சக்கரம் வைத்த தள்ளுவண்டி அவசியம்.

பாலும் கோழியும் குளிர்ச்சியில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். வீடு வந்ததும் மூட்டைகளைப் பிரித்து அழுகியதை ஒதுக்க வேண்டும். ஒரு அழுகல் உருளை மூட்டையையே கெடுக்கும். வெங்காயத்தை உருளையோடு வைக்காதீர்கள். கீரையை முதலில் சமைத்துவிடுங்கள், முட்டைக்கோஸ் காத்திருக்கும்.

'பெஸ்ட் பை' தேதி தாண்டியதாலேயே டின் கெட்டுவிடாது, அது தரத்துக்கான குறிப்பு. குழந்தைகளுக்கான ஃபார்முலா பால்மாவு மட்டும் விதிவிலக்கு, தேதி தாண்டினால் கொடுக்கவே கூடாது. உப்பிய, ஒழுகும், மடிப்பில் நசுங்கிய டின்னைத் திறக்காமல் எறிந்துவிடுங்கள். டின் கொண்டைக்கடலையை வடித்து அலசினால் உப்பு நன்றாகக் குறையும், சுண்டலுக்குச் சரியாக இருக்கும். காய்ந்த ராஜ்மா வந்தால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போட்டால் அதன் நச்சு போகாது, வாந்தி வரும்.

வீட்டில் 60 வயது கடந்தவர் இருந்தால், முதியவர்களுக்கு அரசுத் திட்டத்தில் மாதந்தோறும் தரும் உணவுப் பெட்டியான சீனியர் பாக்ஸ் பற்றி அதே வரிசையில் கேளுங்கள். வருமான வரம்பு உண்டு. லாரியில் நம்ப முடியாத உலர்சரக்கும் பெரிய சீஸ் கட்டியும் அதில்தான் வரும்.